இரண்டு ஐந்து மணிகள் இருந்த வீடு

எங்கள் வீட்டில் ஆறு மணி என்று ஒன்று இருந்ததே இல்லை. ஐந்து மணிதான் இரண்டு முறை வரும். எட்டு மணியும் கிடையாது. அதற்குப் பதிலாக ஒன்பது இரண்டு முறை வரும். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மசாலாக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில், அம்மாவும் தம்பியும் நானும் இப்படி ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு நான்கு வருஷம் குடித்தனம் நடத்தினோம். அதில் எனக்குப் பெருமை வேறு.

எழுபதுகளின் பின்பாதியில் காலாங் பக்கம் கடிகாரம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். இருட்டில் சிவப்பாக எண் ஒளிரும் மேஜைக் கடிகாரங்கள். என் வேலை பார்ப்பது, அவ்வளவுதான். ஒவ்வொரு கடிகாரமாக என் முன்னால் வரும். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்து 18:88 என்று காட்டும். அந்த எண்களில் ஒவ்வொன்றும் ஏழு குச்சிகளால் ஆனது. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு. ஏழும் எரிந்தால் எட்டு. எதை அணைக்கிறோமோ அதைப் பொறுத்து மற்ற எண்கள். ஒரு குச்சி எரியாவிட்டால் அந்தக் கடிகாரத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டி ஒதுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் எட்டுகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கண்ணை மூடினாலும் எட்டுதான் தெரியும்.

அந்த எட்டுகளை விளையாட்டாக மாற்றியவன் என் தம்பி. என்னைவிட மூன்று வயது இளையவன். கணக்கில் அவனுக்கு இருந்த மூளையில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் நான் ஏன் பொட்டு ஒட்டப் போகிறேன்? கட்டாய ராணுவமான தேசிய சேவையை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நாள்களில், தரையில் தீக்குச்சிகளைப் பரப்பி, நான் சொல்லும் எண்களை அடுக்கிப் பார்ப்பான். எந்த எண்ணுக்கு எத்தனை குச்சி என்று பூஜ்யத்தில் தொடங்கி வரிசையாக எழுதினான்: ஆறு, இரண்டு, ஐந்து, ஐந்து, நான்கு, ஐந்து, ஆறு, மூன்று, ஏழு, ஆறு. பிறகு ஒரு எண்ணின் குச்சிகளை எண்ணி, வந்த விடைக்கு எத்தனை குச்சி என்று மறுபடி எண்ணினான். எட்டில் ஏழு குச்சி. ஏழில் மூன்று. மூன்றில் ஐந்து. ஐந்தில் ஐந்தேதான். அதற்குமேல் நகராது.

"எந்த நம்பர வேணும்னாலும் சொல்லுக்கா," என்றான்.

பஸ் எண், கடை எண், கார் எண் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாமே கடைசியில் நான்கிலோ ஐந்திலோ ஆறிலோ போய் விழுந்தன. அந்த மூன்று எண்களுக்கும் தங்கள் குச்சிகளின் எண்ணிக்கையே பெயர். பெரும்பாலும் ஐந்தும் ஆறும் வரும். நான்கு எப்போதாவதுதான் வரும். தொழிற்சாலையில் என் பக்கத்து இருக்கையில் ஒரு சீனப் பெண் இருந்தாள். அவளுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். நான்கில் போய் விழும் எண்ணை அவள் மறுமுறை வாயால் சொல்லவே மாட்டாள். அவர்கள் பேச்சில் நான்கும் சாவும் ஒலியில் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள். நான் சிரிப்பேன். அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் சிரிப்பேன்.

ஒரு நாள் தம்பி வேறொரு கேள்வி கேட்டான். ஒரு குச்சி செத்துப்போனால் எண் என்ன ஆகும்? பெரும்பாலும் அது எண்ணாகவே இருக்காது, நொண்டியாக நிற்கும், பார்த்தவுடன் கெட்டுப்போனது தெரிந்துவிடும். அதனால் ஒரு ஆபத்தும் இல்லை. ஒரு குச்சி போன பிறகும் ஒழுங்கான இன்னொரு எண்ணாகத் தெரிந்தால்தான் வம்பு. தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்து அவற்றை மட்டும் எழுதினான். ஏழு ஒன்றாகும். எட்டு ஆறாகும், ஒன்பதாகும், பூஜ்யமாகும். ஒன்பது ஐந்தாகும், மூன்றாகும். ஆறு ஐந்தாகும். மொத்தம் ஏழே ஏழு பொய்கள்.

"பாத்தியாக்கா? ஏழுல ஆறு கம்மியாத்தான் காட்டுது. ஒண்ணே ஒண்ணுதான் கூட்டிக் காட்டுது. கெட்டுப்போன மெஷினு எப்பவும் இன்னும் ஒண்ணும் ஆகலன்னுதான் சொல்லும்."

அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "தீக்குச்சிய வீணாக்காதடா," என்றாள். நான் அந்தத் தாளை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டு மறந்துபோனேன்.

பொட்டு ஒட்டி ஒதுக்கிய கடிகாரங்களை ஆண்டுக்கடைசியில் தொழிலாளர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளில் அப்படி வந்த நொண்டிக் கடிகாரம் ஒன்று இருந்தது. நான் கொண்டுவந்ததில் மணி காட்டும் எண்ணின் இடது கீழ்க் குச்சி மட்டும் செத்திருந்தது. நானே பொட்டு ஒட்டிய கடிகாரம் அது. இரண்டும் பத்தும் பன்னிரண்டும் அதில் நொண்டியாகத் தெரியும். அதுபற்றிக் கவலையில்லை. ஆனால் ஆறு, அச்சு அசலாக ஐந்தாகத் தெரியும். எட்டு ஒன்பதாகத் தெரியும். நல்ல கடிகாரம் ஒன்று வாங்கலாமே என்று அம்மா சொன்னபோது, "இத படிக்கத் தெரிஞ்சா போதும்மா," என்றேன். படிக்கத் தெரிந்தவள் நான்தானே.

அம்மாவும் சீக்கிரமே பழகிவிட்டாள். முதல் அஞ்சு, ரெண்டாவது அஞ்சு என்று பேசிக்கொள்வோம். "ரெண்டாவது அஞ்சரைக்குப் பூசை, கிளம்பு," என்று ஞாயிற்றுக்கிழமை என்னை மாதா கோயிலுக்கு எழுப்புவாள். விடியற்காலையில் எது எந்த ஐந்து என்று பார்க்கச் சமையலறை ஜன்னல் இருந்தது. ஐந்து இருபதைத் தாண்டியும் ஜன்னல் கறுப்பாக இருந்தால் முதல் ஐந்து. லேசாக வெளுத்திருந்தால் இரண்டாவது. அலாரம் வைக்கும்போதும் இதே தொல்லை உண்டு. பொத்தானை ஒவ்வொரு முறையாக அழுத்தி, நான்கு வந்த பிறகு ஒரே ஒரு தட்டு தட்டினால் முதல் ஐந்து, இரண்டு தட்டினால் இரண்டாவது. அழுத்திப் பிடித்து எண்களை ஓடவிடக் கூடாது. எந்த ஐந்தில் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது.

எழுபத்தொன்பதில் வீட்டில் தீப்பெட்டிகள் சீக்கிரம் காலியாகத் தொடங்கின. தம்பி குச்சி அடுக்கி விளையாடுவதை எப்போதோ விட்டிருந்தான். கழிவறையில் கருகிய குச்சிகளும், சிகரெட் பெட்டியிலிருந்து கிழித்த ஈயத்தாளும் கிடந்தன. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பசங்கள் சிகரெட் குடிப்பது உலகத்தில் இல்லாததா என்று நினைத்துக்கொண்டேன். அவன் மெலிந்தான். வெயிலில் நீளக்கைச் சட்டை போட்டான். சந்து முனையில் மூன்று பேர் ஒரு காரில் சாய்ந்துகொண்டு அவனுக்காகக் காத்திருப்பார்கள். மாடி ஜன்னலிலிருந்து அம்மா அவர்களைப் பார்ப்பாள். அவர்கள் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

எண்பதில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் மையத்தில் ஒன்றரை வருஷம் இருந்தான். அம்மா ஒரு சந்திப்பையும் விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை போட்டான். மூளையும் திரும்பி வந்தது, என்னிடம் கணக்குப் புத்தகம் கேட்டான். விடுதலைத் தேதி தெரிந்த அன்று எங்கள் இருவரையும் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"காலையில ஏழு மணிக்கு விடுவாங்க. அதுக்கு முன்னாடியே வந்துருங்கம்மா. அவனுங்க கண்டிப்பா வருவானுங்க, யாரு வெளிய வந்தாலும் வந்து நிப்பானுங்க. கதவு தொறக்கும்போது உங்க மூஞ்சிதான் எனக்குத் தெரியணும். நீங்க இருந்தா நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்."

"ஆறரைக்கே வந்து நிப்போம்பா," என்றாள் அம்மா.

தேதி பிப்ரவரி இருபத்தாறு. தொழிற்சாலையில் சொன்னபோது சீனத் தோழி விரல்விட்டு எண்ணினாள். இரண்டில் ஐந்து, ஆறில் ஆறு, சேர்த்தால் பதினொன்று. பதினொன்றில் இரண்டும் இரண்டும். எண்ணி முடித்துவிட்டு விரல்களை மடக்கிக்கொண்டாள், விடையைச் சொல்லவில்லை. வேறு நாள் கேட்டுப் பார்க்கக் கூடாதா என்று மட்டும் கேட்டாள். அவர்கள் என்ன, கல்யாண மண்டபமா நடத்துகிறார்கள், தேதி மாற்றிக் கொடுக்க? நான் சிரித்தேன்.

அந்த எண்பத்திரண்டாம் ஆண்டின் முதல் நாளில், மலேசியாவோடு ஒத்துப்போக, சிங்கப்பூர் முழுவதும் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். நானும் எங்கள் கடிகாரத்தை அரை மணி தள்ளி வைத்தேன். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். எண்களைத்தான் தள்ளினோம், விடியல் அதன் இடத்திலேயே இருந்தது. ஆறே காலுக்கு வெளுத்த ஜன்னல் இனிமேல் ஆறே முக்காலுக்குத்தான் வெளுக்கும். அந்த இரண்டு மாதமும் எனக்குப் பிற்பகல் ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமைகூட மாலைப் பூசைக்குத்தான் போனேன், ஒரு நாள்கூட விடியலை நான் பார்க்கவில்லை. அம்மா பார்த்திருப்பாள், ஆனால் மணி பார்ப்பது என் வேலை என்று வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது.

முந்தின நாள் மாலை அம்மா வீட்டைக் கழுவினாள். தம்பியின் தலையணைக்குப் புது உறை தைத்தாள். நான் அலாரம் வைக்க உட்கார்ந்தேன். முதல் ஐந்துக்கு எழுந்தால் ஆறுக்குக் கிளம்பி, டாக்சி பிடித்து, ஆறரைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். பொத்தானை அழுத்தும்போது, "அவனுக்கு எந்தச் சட்டைய எடுத்துட்டுப் போறது?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். "நீலம்," என்று திரும்பிச் சொன்னேன். விரல் பொத்தானிலேயே இருந்தது. திரும்பிப் பார்த்தபோது 5:00 என்று இருந்தது. விரலை எடுத்தேன். ஐந்துதானே என்று படுத்துவிட்டேன். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தில் நான்கு வந்ததைப் பார்த்தேனா என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை.

அலாரம் அடித்தது. சிவப்பாக 5:00. அம்மா ஏற்கெனவே எழுந்து புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் மையாகக் கறுத்திருந்தது.

"மணி என்னம்மா?" என்று கேட்டாள்.

"அஞ்சுதான். நெறைய நேரம் இருக்கு."

குளித்தேன். கீழே சாலையில் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஐந்து மணிக்கு இத்தனை பஸ்ஸா என்று ஒரு கணம் நினைத்தேன். பக்கத்து மாடிப்படியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஷூ சத்தம் தடதடவென்று இறங்கியது. ஏதோ விளையாட்டுப் போட்டி போலிருக்கிறது என்று நானாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். மசாலாக் கடைக்காரர் இரும்புக் கதவைத் தூக்கும் சத்தமும் கேட்டது. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பேன். எல்லோரும் எல்லாச் சத்தத்திலும் எனக்கு மணி சொன்னார்கள். நான் அந்தச் சிவப்பு எண்ணை மட்டும் நம்பினேன்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி வந்து நின்றாள். "நல்லாப் பாத்துச் சொல்லும்மா. மணி என்ன?"

நன்றாகத்தான் பார்த்தேன். 5:25. ஜன்னலையும் பார்த்தேன். துளி வெளிச்சம் இல்லை. ஆகவே முதல் ஐந்து, சந்தேகமே இல்லை. "அஞ்சு இருபத்தஞ்சும்மா. முதல் அஞ்சுதான். நிதானமா கட்டுங்க, புட்டு ஒடஞ்சிடப் போவுது," என்றேன். அம்மா அடுக்குச் சட்டியில் புட்டை அடுக்கி, வாழைப்பழத்தை வைத்து, துணியால் கட்டினாள். நான் கண்ணாடி முன் நின்று தலைக்குப் பூ வைத்துக்கொண்டேன். அவன் வெளியே வரும்போது அக்கா நன்றாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

5:50க்குப் படியிறங்கினோம். தெருவில் கால் வைத்ததும் அண்ணாந்து பார்த்தேன். வானம் சாம்பல் நிறத்தில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நீள வரிசை. கையை நீட்டியதும் ஒரு டாக்சி நின்றது. ஓட்டியவர் ஒரு மலாய்க்காரர். இரண்டு சிக்னல் விளக்குகள் தாண்டியிருப்போம், ரேடியோவில் பிப் பிப் என்று ஒலி விட்டுவிட்டு வந்தது. பிறகு ஒரு பெண்குரல், புக்குல் துஜோ என்றது. ஏழு மணி.

எனக்கு மலாய் தெரியும். அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் மடியில் இருந்த அடுக்குச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

ஏழு இருபத்தைந்துக்குப் போய் இறங்கினோம். வாசல் சாத்தியிருந்தது. காவல் கொட்டகையில் ஒரு தமிழ்க் காவலர் இருந்தார், நடுத்தர வயது. தம்பியின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"ஏழு மணிக்கே விட்டுட்டோமேம்மா. அதோ, அந்த பஸ் ஸ்டாப்புலதான் நின்னுக்கிட்டு இருந்தாரு. ஒரு கார் முன்னாடியே வந்து நின்னுச்சு, கூப்பிட்டாங்க, இவரு போகல. அம்மா வராங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ரெண்டு தடவ என்கிட்ட வந்து டைம் கேட்டாரு. இப்பத்தான் லா, அஞ்சு நிமிஷம் இருக்கும், போய் ஏறிட்டாரு."

அம்மா அவருக்கு நன்றி சொன்னாள். பிறகு அந்த பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். கார் திரும்பி வந்தாலும் வரும் என்றாள். வெயில் ஏறி, பத்து மணி ஆகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். நான் தலையிலிருந்த பூவை எடுத்துச் சாக்கடையில் போட்டேன். அன்று எனக்கு என்மேல் வந்த அருவருப்பு இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தின் மின்கம்பியைப் பிடுங்கி, பெட்டிக்கு அடியில் தள்ளினேன். அம்மா அலமாரியில் அந்தக் காலியிடத்தைப் பார்த்தாள், பிறகு துணியால் துடைத்துவிட்டாள்.

தம்பி பதினோராம் நாள் வந்தான். கண் உள்ளே போயிருந்தது. சட்டை நீளக்கை. அம்மா அவன் முகத்தைத் தடவிக்கொண்டே, "டாக்சி கெடைக்கலப்பா," என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன், "பரவால்லம்மா," என்றான். சாப்பிட உட்கார்ந்தவன் அலமாரியைப் பார்த்தான்.

"கடிகாரம் எங்கக்கா?"

"கெட்டுப்போச்சு."

"அது எப்பவோ கெட்டதுதானே," என்று சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு குச்சியை எடுத்தால் எது எதுவாகும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தவன் அல்லவா? அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் தட்டில் கொஞ்சம் மீனை எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினான். நான்கு நாள் இருந்தான். ஐந்தாம் நாள் மறுபடி போய்விட்டான். அந்த வருஷம் முடிவதற்குள், ஏதோ ஒரு அடுக்குமாடி வீட்டுப் படிக்கட்டில், விடியற்காலையில் கூட்ட வந்தவர் அவனைப் பார்த்தார். உடம்பு அப்போதே குளிர்ந்திருந்ததாகச் சொன்னார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் அந்த விடுதலை நாளைப் பற்றிக் கேட்காமல் இருக்கவில்லை. பங்குக் கோயில் பெண்கள், அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன், எல்லோருக்கும் அம்மா ஒரே பதில்தான் சொன்னாள். அன்னைக்கு டாக்சி கிடைக்கல. அரை மணி நேரம் நின்னோம், ஒரு டாக்சியும் நிக்கல. இந்த ஒரு பொய்யைத் தவிர அவள் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

எண்பத்தைந்து வாக்கில் எங்களுக்குத் தெம்பனிஸில் வீடு கிடைத்தது. எட்டாவது மாடி, நல்ல காற்று. ஒரு மத்தியானம் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்தேன். மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"அம்மா, அன்னைக்கு நான் பாத்த மணி தப்பு. அலாரத்த ரெண்டாவது அஞ்சுல வெச்சிட்டேன். நீங்க ரெண்டு தடவ கேட்டீங்க. ரெண்டு தடவையும் நான்தான்..."

"எனக்குத் தெரியும்," என்றாள் அம்மா. கை நிற்கவில்லை. "அலாரம் அடிச்சப்பவே கோயில்ல ஆறு மணி அடிச்சுது. எனக்குக் கேட்டுச்சு. கேட்டதாலதான் உன்கிட்ட மணி கேட்டேன். நீ அஞ்சுன்ன. படிச்ச புள்ள சொல்லுது, நம்ம காதுதான் தப்புன்னு இருந்துட்டேன். மனசு கேக்காம திரும்பவும் கேட்டேன். அப்பவாவது உன் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும். புட்டு சூடு ஆறக்கூடாதுன்னு துணி கட்டிக்கிட்டு இருந்தேன், பாவி."

எனக்கு அழுகை வந்தது. அம்மா அழவில்லை. உருவிய கீரையைச் சுளகில் தள்ளிவிட்டு, என் கையிலிருந்த கொத்தை வாங்கிக்கொண்டாள்.

"அதனாலதான் டாக்சி கெடைக்கலன்னு சொல்றேன். உன்னக் காப்பாத்த மட்டும்னு நெனச்சியா? யாராச்சும் கேட்டா நீயும் அதையே சொல்லு."

அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. இடையில் எத்தனையோ பேர் கேட்டார்கள், என் கணவர் கேட்டார், என் பிள்ளைகள் கேட்டார்கள். கையை நீட்டியதும் வந்து நின்ற அந்த டாக்சி கிடைக்கவே இல்லை என்றுதான் அவர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.